எல்லையில் பதற்றம், வானத்தில் விபத்து: பட்காம் ஹெலிகாப்டரிலிருந்து தொடங்குவோம்

#1 நெடுவானம்

2019 பிப்ரவரி 27 என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது அபிநந்தன்தான். பாகிஸ்தானோடு நடந்த வான்சண்டைக்கு மிக்-21 போர் விமானத்தில் போனார், விமானம் வீழ்ந்தது, பாகிஸ்தான் பிடியில் இருந்தார், மார்ச் 1 இரவு வாகா வழியாகத் திரும்பி வந்தார். நாடே விழித்திருந்து பார்த்த காட்சி அது.

அதே காலையில், அந்த வான்சண்டை நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் பட்காமில் இன்னொன்றும் விழுந்தது. எம்ஐ-17 வி5 ரக ஹெலிகாப்டர். அதிலிருந்த விமானப்படையினர் 6 பேரும் இறந்தார்கள். கீழே நின்றிருந்த உள்ளூர் இளைஞர் ஒருவரும் இறந்தார். அதை வீழ்த்தியது எதிரி இல்லை. ஸ்ரீநகர் தளத்தைக் காக்க வைத்திருந்த நம்முடைய ஸ்பைடர் ஏவுகணை.

முதலில் விபத்து என்றுதான் செய்தி வந்தது. அக்டோபர் 4 அன்று, பதவியேற்றுச் சில நாட்களே ஆன விமானப்படைத் தளபதி பதௌரியா, ஹெலிகாப்டரில் பட்டது நம் ஏவுகணைதான், அது நம்முடைய பெரிய தவறு என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நடுவில் ஏழு மாதம். நாடாளுமன்றத் தேர்தலே வந்து போய்விட்டது.

நான் விமானப்படையில் இருந்தவன் இல்லை. விமான விபத்து விசாரணைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன், அவ்வளவுதான். படிக்கப் படிக்க ஒன்று என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. இரண்டு அண்டை நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்கும் நாட்களில் விழும் விமானங்களை எடுத்துப் பார்த்தால், எதிரியின் திறமையால் விழுந்தவை ஒரு பக்கம். அவசரம், தவறாகப் படித்த ராடார் திரை, பதில் சொல்லாத ஒரு பெட்டி, போய்ச் சேராத ஒரு தகவல், இவற்றால் விழுந்தவை இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதில் இறந்தவர்களுக்கும் அதே சீருடைதான். சிலருக்குச் சீருடையே இல்லை.

யார் ஜெயித்தார்கள், யார் எத்தனை சுட்டார்கள் என்ற சண்டையை இந்த இழையில் தயவுசெய்து வைத்துக்கொள்ள வேண்டாம். ஏன் இப்படி நடக்கிறது, எப்படிக் குறைக்கலாம், இதைத்தான் பேச ஆசைப்படுகிறேன். துறையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் வாருங்கள்.

#2 கயல்

நம் ஏவுகணைதான் என்று எங்கோ படித்த ஞாபகம். ஆனால் கீழே ஒருவர் இறந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு சந்தேகம். நம் விமானத்தை நம் ராடாரே அடையாளம் கண்டுகொள்ள ஏதோ கருவி உண்டு என்பார்களே, அது அன்றைக்கு வேலை செய்யவில்லையா?

#3 பழைய ராடார்காரன்

விமானப்படையில் ராடார் பிரிவில் இருபது ஆண்டு இருந்துவிட்டு வந்தவன் நான். கயல் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அந்தக் கருவிக்குப் பெயர் ஐஎஃப்எஃப். நண்பனா பகைவனா என்று கேட்கும் பெட்டி. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் ஒரு கேள்வி போகும். விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்பும். பயணிகள் விமானம் என்றால் நாலு இலக்க எண் ஒன்று வரும், கூடவே உயரமும் வரும். ராணுவ விமானத்துக்கு இதற்கு மேல் ரகசியக் குறியீடு உண்டு. அதைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள்.

சரி, சிக்கல் எங்கே? இந்தப் பெட்டியால் ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்: "இவன் நம் ஆள்." "இவன் எதிரி" என்று அது ஒருநாளும் சொல்லாது. சரியான பதில் வந்தால் நண்பன். பதில் வரவில்லை என்றால் பதில் வரவில்லை, அவ்வளவே. பெட்டி பழுதாகியிருக்கலாம், அணைத்து வைத்திருக்கலாம், நேற்றைய குறியீடு இன்றைக்கும் அப்படியே இருக்கலாம், மலை மறைத்திருக்கலாம், ஆன்டெனா விமானத்தின் உடலுக்குப் பின்னால் போயிருக்கலாம். அமைதிக் காலத்தில் இது எங்களுக்கு அன்றாடம் நடப்பது. போன் போட்டுக் கேட்போம், ரேடியோவில் கூப்பிடுவோம், இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வான்சண்டை நடக்கும்போது அந்த இரண்டு நிமிடம் இருக்காது.

பட்காமில் ஹெலிகாப்டரின் ஐஎஃப்எஃப் அணைந்திருந்தது என்று விசாரணையில் தெரிந்ததாகச் செய்திகள் வந்தன. தரையில் இருந்தவர்களுக்கும் ஹெலிகாப்டருக்கும் இடையே தகவல் சரியாகப் போகவில்லை என்பதும் வந்தது. ஒரு ஹெலிகாப்டர் தாழ்வாக, மெதுவாகத் தளத்தை நோக்கி வருகிறது. பதில் வரவில்லை. அதே நேரம் எதிரி விமானங்கள் வானில் இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். ஆளில்லா விமானமும் தாழ்வாக, மெதுவாகத்தான் வரும். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத் தவறு தவறில்லை என்று ஆகிவிடாது. ஐஎஃப்எஃப் ஒன்றை மட்டும் நம்பிச் சுடக்கூடாது என்பதற்காகத்தான் பறப்புத் திட்டம், வான் பாதுகாப்பு அனுமதி எண், போக வர ஒதுக்கிய பாதை, உயரம், வேகம் என்று அத்தனை அடுக்கு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எல்லா அடுக்கும் ஒரே நேரத்தில் விட்டுப்போனது.

#4 வேங்கை

இந்த இழை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. போர் என்றால் குழப்பம் இருக்கும். உலகத்தில் எந்தப் படையிலும் நம் குண்டு நம் ஆள் மேலேயே படுவது நடந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து எழுதினால் எல்லையில் நிற்கிறவன் மனம் என்ன ஆகும்? எதிர்த்தரப்பு இதையெல்லாம் எடுத்துத் தன் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தும். அவர்கள் தங்கள் தவறை என்றைக்காவது ஒப்புக்கொண்டார்களா?

#5 நெடுவானம்

வேங்கை, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் எதையும் தோண்டவில்லை. தளபதியே மேடையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் எழுதினேன். படையே ஒப்புக்கொண்டதைப் படையின் பெயரால் நாம் மூடி வைப்பது எப்படிச் சரியாகும்? 2023இல் பொது கோர்ட் மார்ஷல், அதாவது படையின் சொந்த நீதிமன்றம், சம்பவத்தின்போது ஸ்ரீநகர் தளத்தில் தலைமைச் செயல்பாட்டு அதிகாரியாக இருந்தவரைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரைத்தது. இறந்த விமானிகள் இருவருக்கும் 2020 குடியரசு நாளில் வாயு சேனா பதக்கம் அறிவித்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே படைதான். தவறை விசாரித்ததால் இறந்தவர்களின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

மற்றபடி, இது ஒரு நாட்டுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. ஆப்கன் போர்க் காலத்தில் பாகிஸ்தானும் இதில் மாட்டியது. 1987 ஏப்ரல் 29 அன்று, ஆப்கன் எல்லையோரம் ஆப்கன் விமானங்களை மறிக்கப் போன பாகிஸ்தான் எஃப்-16 ஒன்று, கூடப் போன தன் எஃப்-16ஐயே ஏவுகணையால் அடித்துவிட்டது. விமானி குதித்துத் தப்பினார். சிரியாவில் 2018 செப்டம்பர் 17 இரவு இஸ்ரேல் விமானங்களைக் குறிவைத்துச் சிரியப் படை ஏவிய எஸ்-200 ஏவுகணை, தன் கூட்டாளியான ரஷ்யாவின் இல்-20 விமானத்தைப் போய் அடித்தது. 15 பேர் செத்தார்கள். 1994இல் ஈராக்கின் வடக்கே, சண்டையே நடக்காத தெளிவான பகல் பொழுதில், அமெரிக்க எஃப்-15கள் இரண்டு தங்கள் பிளாக்ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர். மேலே அவாக்ஸ் என்ற பறக்கும் ராடார் விமானம் பார்த்துக்கொண்டே இருந்தது.

இந்தக் கடைசிச் சம்பவத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு இழை போடலாம். கண்ணால் பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகும் தவறாக அடையாளம் கண்டார்கள். எதிரி ஹெலிகாப்டர்தான் இருக்கும் என்று மனதில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டால் கண்ணும் அதையே பார்க்கிறது.

#6 இளவேனில்

நான் பயணிகள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். இந்தப் பேச்சில் எங்கள் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். பதற்ற நாளில் ராணுவம் தவறாகப் படிக்கும் புள்ளி, பல சமயம் பயணிகள் விமானமாக இருந்திருக்கிறது.

1983 செப்டம்பர் 1, கொரியன் ஏர் 007. அலாஸ்காவிலிருந்து சியோலுக்குப் போனது. தானியங்கிக் கட்டுப்பாடு திசையை மட்டும் பிடிக்கும் நிலையிலேயே இருந்துவிட்டது, வழிகாட்டும் கருவியோடு இணையவில்லை. விமானம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி சோவியத் வானுக்குள் போய்விட்டது. அதே இரவில் அந்தப் பக்கம் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சுற்றியிருந்தது. சோவியத் சு-15 போர் விமானம் சுட்டது, 269 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் கறுப்புப் பெட்டிகளை சோவியத் எடுத்து வைத்துக்கொண்டு இல்லவே இல்லை என்றது. சோவியத் உடைந்த பிறகு யெல்ட்சின் காலத்தில்தான் அவை வெளியே வந்தன. பத்தாண்டு அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன.

1988 ஜூலை 3, ஈரான் ஏர் 655. பாந்தர் அப்பாஸிலிருந்து துபாய். அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் அப்போது ஈரானியப் படகுகளோடு சண்டையில் இருந்தது. விமானம் பயணிகள் விமானத்துக்குரிய குறியீட்டைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது, மேலே ஏறிக்கொண்டும் இருந்தது. கப்பலில் இருந்தவர்கள் அது எஃப்-14 போர் விமானம், கீழே இறங்கித் தாக்க வருகிறது என்று நம்பினார்கள். திரையில் சரியான தகவல் இருந்தது. அறைக்குள் கத்தலாகப் போய்ச் சேர்ந்தது தவறான தகவல். எச்சரிக்கை கொடுத்தார்கள், ஆனால் பெரும்பாலானவை ராணுவ அலைவரிசையில். பயணிகள் விமானத்தில் அதைக் கேட்கும் ரேடியோவே கிடையாது. 290 பேர், அதில் 66 குழந்தைகள்.

2020 ஜனவரி 8. ஈராக்கில் இருந்த அமெரிக்கத் தளங்கள் மேல் ஈரான் ஏவுகணை விட்ட சில மணி நேரத்தில், தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் பிஎஸ் 752ஐ ஈரானின் சொந்தப் படையே வீழ்த்தியது. 176 பேர். ஏவுகணை வண்டியை இடம் மாற்றிய பிறகு அதன் வடதிசையைச் சரியாகப் பொருத்தவில்லை, 107 டிகிரி பிசகிவிட்டது என்று ஈரானின் அறிக்கையே சொல்கிறது. விமான நிலையத்திலிருந்து ஏறிவரும் விமானம், அவர்கள் திரையில் வேறு திசையிலிருந்து தலைநகரை நோக்கி வருவதாகத் தெரிந்தது. மூன்று நாள் மறுத்தார்கள், ஜனவரி 11 அன்று ஒப்புக்கொண்டார்கள்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஏவுகணை விட்ட இரவில் அந்த வான்வெளியை ஏன் மூடவில்லை? எங்கள் தொழிலில் நோட்டாம் என்ற எச்சரிக்கை அறிவிப்பு ஒன்று போட்டால் போதும், விமானங்கள் தரையிலேயே நிற்கும். சில மணி நேரம் தாமதம், பயணிகள் திட்டுவார்கள், நஷ்டம் வரும். 176 பேர் உயிரோடு இருந்திருப்பார்கள். 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. கிழக்குப் பக்க வழிகளை முழுதாகத் திறக்க ஜூலை 16 ஆனது. எத்தனையோ விமானங்கள் சுற்றிப் போயின. அதைத் தொல்லை என்று பலர் எழுதினார்கள். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு.

#7 வேங்கை

பயணிகள் விமானம் பற்றி இளவேனில் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ராணுவ விமானம் எல்லைக்கு வந்தால் சுடத்தான் வேண்டும். 1999இல் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் ரோந்து விமானத்தை குஜராத்தின் கட்ச்சில் வீழ்த்தினோமே, அதையும் விபத்துப் பட்டியலில் சேர்த்துவிடுவீர்களோ?

#8 முத்துச்சிப்பி

அட்லாண்டிக்கை விபத்து என்று நான் சொல்ல மாட்டேன், வேங்கை. சுட்டது வேண்டுமென்றே எடுத்த முடிவு. ஆனால் அது நடந்த விதத்தைப் பாருங்கள்.

1991 ஏப்ரல் 6 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஓர் ஒப்பந்தம் போட்டன. போர் விமானம், குண்டுவீச்சு விமானம், வேவு விமானம், ஆயுதம் தாங்கிய ஹெலிகாப்டர் எதுவும் அடுத்தவர் வான்வெளிக்கு 10 கிலோமீட்டருக்குள் வரக்கூடாது. ஆயுதமில்லாத சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் 1000 மீட்டர் வரை வரலாம். காகிதத்தில் அருமையான ஏற்பாடு.

கார்கில் போர் முடிந்தது 1999 ஜூலை 26. அட்லாண்டிக் விழுந்தது ஆகஸ்ட் 10. நடுவில் இரண்டு வாரம்தான். இரண்டு பக்கமும் நரம்பு இன்னும் தளரவில்லை. பாகிஸ்தான் அதைப் பயிற்சிப் பறப்பு என்றது, ஆயுதமில்லை என்றது. இந்தியா அது வேவு விமானம், எல்லைக்குள் வந்தது, இறங்கச் சொல்லியும் கேட்கவில்லை என்றது. மிக்-21 சுட்டது, உள்ளே இருந்த 16 பேரும் இறந்தார்கள். உடைந்த பாகங்கள் எந்தப் பக்கம் விழுந்தன என்பதிலேயே சண்டை. மறுநாள் அந்த இடத்துக்குச் செய்தியாளர்களை ஏற்றிக்கொண்டு போன இந்திய ஹெலிகாப்டர்களை நோக்கி பாகிஸ்தான் பக்கமிருந்து ஏவுகணை வந்தது. நல்லவேளையாக யார் மேலும் படவில்லை. பட்டிருந்தால்? செத்திருப்பவர்கள் நிருபர்களும் கேமராக்காரர்களும். பாகிஸ்தான் வழக்கை சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2000 ஜூன் 21 அன்று, விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று 14க்கு 2 என்ற கணக்கில் சொல்லிவிட்டது.

எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் என்பது ஒரு ஜெட் விமானத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு நிமிடத்தை இரண்டு பக்கமும் மதித்தால் யாரும் யாரையும் சுட வேண்டிய நிலை வராது. விதியைக் கடைப்பிடிப்பதைக் கோழைத்தனம் என்று பேசுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

#9 சிறகு

எல்லாரும் தவறாகச் சுடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். யாரும் சுடாமலே விழுவதும் இருக்கிறது.

கார்கிலில் 1999 மே 27 அன்று விமானி நசிகேதாவின் மிக்-27 என்ன ஆனது? 80 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளை விட்டார், எஞ்சின் அணைந்துபோனது. அவ்வளவு உயரத்தில் காற்று ஏற்கெனவே மெலிவு. ராக்கெட் புகையை எஞ்சின் உள்ளே இழுத்தால் அதற்கு மூச்சு முட்டும். அவர் குதித்தார், பிடிபட்டார், ஜூன் 3 அன்று திரும்பி வந்தார். ஆனால் அவரைத் தேடித் தாழப் பறந்த அஜய் அகுஜாவின் மிக்-21ஐ ஏவுகணை அடித்தது. அகுஜா திரும்பவில்லை. மறுநாள் ஓர் எம்ஐ-17ஐ, தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கர் ஏவுகணை வீழ்த்தியது, நாலு பேர் இறந்தார்கள். ஓர் எஞ்சின் அணைந்த இடத்தில் தொடங்கியதைப் பாருங்கள். அந்த விமானங்கள் சமவெளியில் பறக்கவே வடிவமைத்தவை. ஐயாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் முகடுகளில் சண்டை போடப் பழகவே நேரம் இருக்கவில்லை.

2002 மே 3இல், நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படைகளைக் குவித்த பராக்ரம் நடவடிக்கை நடந்துகொண்டிருந்தபோது, ஜலந்தரில் ஒரு மிக்-21 வங்கிக் கட்டடத்தின் மேல் விழுந்தது. விமானி குதித்துப் பிழைத்தார். கட்டடத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். வங்கியில் இருந்த மக்கள். அதை எல்லைப் பதற்றத்தின் கணக்கில் யாருமே எழுதுவதில்லை. பதற்றம் வந்தால் பறப்பு கூடும், பழைய விமானத்துக்கு ஓய்வு குறையும், பழுது பார்க்கிறவனுக்குத் தூக்கம் குறையும். எல்லாவற்றையும் பதற்றத்தின் தலையில் கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும், மிக்-21கள் அமைதிக் காலத்திலும் விழுந்தன. ஆனால் பழைய விமானத்தை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் உஷார் நிலையில் நிற்பதற்கு ஒரு விலை உண்டு.

சீன எல்லையையும் மறக்க வேண்டாம். 2017 அக்டோபர் 6, விமானப்படை நாளுக்கு இரண்டு நாள் முன்னால், தவாங் பக்கம் எம்ஐ-17 விழுந்து 7 பேர். 2019 ஜூன் 3, ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகா போன ஏஎன்-32 சரக்கு விமானத்தில் 13 பேர். உடைந்த விமானத்தைக் கண்டுபிடிக்கவே எட்டு நாள் ஆனது. அங்கே யாரும் யாரையும் சுடவில்லை. எல்லைக் காவலில் நிற்கிறவனுக்குச் சாமான் கொண்டுபோக அந்தப் பள்ளத்தாக்குகளில் பறந்தே ஆக வேண்டும்.

#10 கயல்

என் தம்பி விமானப்படையில் தரைப்பணியில் இருக்கிறான். 2019 பிப்ரவரி கடைசியில் மூன்று நாள் அவன் போனே எடுக்கவில்லை. டிவியில் ஹெலிகாப்டர் எரிகிற காட்சி வந்தபோது அம்மா சமையலறையிலிருந்து வரவே இல்லை. அவன் காஷ்மீரிலேயே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

அதனால் வேங்கை அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் எல்லையில் நிற்கிறவன் மனம் உடையும் என்றீர்கள். வீட்டில் இருக்கிற எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவன் எதிரியால் செத்தானா, நம் தவறால் செத்தானா என்பதை ஏழு மாதம் கழித்துப் பத்திரிகையில் படிக்க வேண்டியிருந்தால் அந்த அம்மா எப்படித் தாங்குவார்? முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

#11 வேங்கை

கயல், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் போட முடியவில்லை. குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஊருக்கெல்லாம் சண்டை நடக்கும் வாரத்திலேயே அறிவிக்க வேண்டுமா என்பதில் இன்னும் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த நேரத்தில் நம் வான் பாதுகாப்பில் எங்கே ஓட்டை என்று அடுத்தவனுக்குக் காட்டிக்கொடுத்தது போல் ஆகும்.

#12 நெடுவானம்

வேங்கை, அது நியாயமான கேள்வி. அந்த வாரத்தில் வேண்டாம், சரி. ஒரு மாதத்தில்? இரண்டு மாதத்தில்? எதிரிக்கு உதவும் தகவல் எது, நமக்குச் சங்கடம் தரும் தகவல் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதைப் பூட்டி வைக்க முதலாவதன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது.

உடனே பேசாவிட்டால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2022 மார்ச் 9ஐப் பாருங்கள். பராமரிப்பின்போது தவறுதலாக நம் பிரமோஸ் ஏவுகணை ஒன்று பறந்து போய் பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கம் விழுந்தது. 124 கிலோமீட்டர் தங்கள் வானில் வந்ததாகப் பாகிஸ்தான் ராணுவம் சொன்னது. யாரும் சாகவில்லை. அது வந்தபோது அந்தப் பக்கம் ராடார் முன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்திருப்பார். அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகள். நம் பாதுகாப்பு அமைச்சகம் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது மார்ச் 11 அன்று. ஆகஸ்டில் மூன்று அதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தார்கள், அது சரி. ஆனால் இரண்டு நாட்டுக்கும் இடையே ராணுவ நேரடித் தொலைபேசி எதற்கு இருக்கிறது? "எங்கள் தவறு, தாக்குதல் இல்லை" என்ற நாலு சொல் அடுத்த ஐந்து நிமிடத்தில் போயிருக்க வேண்டும். இதைச் சொல்வது நாட்டுக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

#13 இளவேனில்

1965 பற்றி யாரும் சொல்லவில்லையே. செப்டம்பர் 19, போர் முடியும் தறுவாய். குஜராத் முதல்வர் பல்வந்த்ராய் மேத்தா தன் மனைவியோடும் உதவியாளர்களோடும் ஒரு நிருபரோடும் சிறு விமானத்தில் கட்ச் பக்கம் போனார். பாகிஸ்தான் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. எட்டுப் பேரும் போய்விட்டார்கள். எல்லையை வேவு பார்க்க வந்த விமானம் என்று தரையிலிருந்து முடிவு செய்து உத்தரவு கொடுத்திருந்தார்கள்.

சுட்டவர் கைஸ் ஹுசைன். 46 ஆண்டு கழித்து, 2011இல், அந்த விமானத்தை ஓட்டிய ஜஹாங்கீர் இன்ஜினியரின் மகளைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினார். உத்தரவின்படிதான் செய்தேன், ஆனால் போன உயிர்களுக்காக வருந்துகிறேன் என்று. அந்த மகள் பகை பாராட்டவில்லை, கனிவாகப் பதில் எழுதினார். அரசுகள் எழுதாத கடிதத்தை இரண்டு தனி மனிதர்கள் எழுதிக்கொண்டார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

#14 சிறகு

இதைப் பகிர்ந்ததற்கு நன்றி. ராடார்காரரே, ஒரு கேள்வி. உங்கள் அனுபவத்தில் "கொஞ்சம் விட்டிருந்தால் சுட்டிருப்போம்" என்று ஏதாவது நடந்திருக்கிறதா? சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லுங்கள்.

#15 பழைய ராடார்காரன்

இடம், பிரிவு எதையும் சொல்ல மாட்டேன். காலம் மட்டும் சொல்கிறேன், பராக்ரம் நடந்த 2002. அந்த ஆண்டு பிப்ரவரியில் மேற்கு விமானப்படைப் பிரிவின் தலைமை அதிகாரியே போன ஏஎன்-32, கார்கில் பக்கம் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு மிக நெருக்கமாகப் போய் அடி வாங்கி, ஒரு எஞ்சினோடு லேயில் இறங்கியது. அவரைப் பதவியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அத்தனை பெரிய அதிகாரிக்கே கோடு எங்கே என்பது தவறிப்போகும் என்றால் மற்றவர்கள் எந்த மூலைக்கு என்று எங்கள் அறையில் அன்றைக்குப் பேசிக்கொண்டோம்.

அதற்கு அப்புறம் சில மாதம் கழித்து ஒரு பின்னிரவு. எங்கள் திரையில் மேற்கிலிருந்து ஒரு புள்ளி. ஐஎஃப்எஃப் கேட்டோம், பதில் இல்லை. மறுபடி கேட்டோம், இல்லை. அந்த நேரத்துக்குப் பறப்புத் திட்டம் எதுவும் எங்கள் பலகையில் எழுதியிருக்கவில்லை. ஏவுகணைப் பிரிவுக்குத் தகவல் போய்விட்டது, அவர்கள் தயார். அன்றைக்குப் பணியில் இருந்த கட்டுப்பாட்டு அதிகாரி வயதில் என்னைவிடச் சின்னவர். அறையில் ஆளாளுக்குச் சத்தம். அவர் எல்லாரையும் கையைக் காட்டி அமர்த்தினார். "வேகத்தைப் பார், உயரத்தைப் பார், இது தாக்க வருகிறவன் வருகிற விதமா?" என்று என்னிடம் கேட்டார். பார்த்தேன். நிதானமாக, ஒரே உயரத்தில், வீட்டுக்குத் திரும்புகிறவன் மாதிரி வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தளத்துக்குப் போன் போடச் சொன்னார். போன் கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. நம் சரக்கு விமானம்தான். மின்கோளாறில் பெட்டியும் ஒரு ரேடியோவும் போய்விட்டன. முன்னறிவிப்புக் காகிதம் வேறொரு மேசையில் கிடந்தது.

காலையில் பதிவேட்டைப் பார்த்தேன். "02.40, அடையாளம் தெரியாத விமானம், பின்னர் நம் விமானம் என உறுதி" என்று ஒரே ஒரு வரி. கீழே அவர் கையெழுத்து. அந்த விமானத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று அப்புறம் விசாரித்தேன், 23 பேர். அவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்காது.